இம்மர்ஷன் வகுப்பா, ஓவியம்-இசையா? கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் இரண்டையும் நிலைநிறுத்துவது எப்படி

மணிக்கூண்டு:

வணக்கம். இருமொழி இம்மர்ஷன், அதாவது கணக்கு, அறிவியல் போன்ற பாடங்களையே இன்னொரு மொழியில் நடத்தும் முறை, தொடங்கலாமா என்று ஒரு பள்ளி மாவட்டப் போர்டு பேச ஆரம்பித்தாலே "ஓவியத்துக்கும் இசைக்கும் நேரம் எங்கே?" என்று ஒரு குரல் எழும். கலை ஆசிரியர் போடச் சொன்னால் மொழி நேரம் குறையுமே என்று இம்மர்ஷன் பெற்றோர் பதறுவார்கள். இரண்டும் வேண்டும் என்பவர்களே எதிரெதிராகப் பேசிவிட்டுக் கலைகிறார்கள்.

பேச வசதியாக ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். கிண்டர் முதல் 5ஆம் வகுப்பு வரை, ஒவ்வொன்றிலும் இரண்டு இம்மர்ஷன் பிரிவு. ஸ்பானிஷ்-ஆங்கிலம், 50/50 (இரு மொழிக்கும் பாதிப்பாதி நேரம்), இருவழி. அதாவது ஏறக்குறைய பாதிப் பிள்ளைகள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள். ஓவியம் வாரம் 45 நிமிடம், இசை 45. நேரம், ஆள், பணம் மூன்றும் எங்கிருந்து வரும்? பெற்றோர் எப்போது பேச வேண்டும்? இரண்டு மொழி படித்தால் மூளை கூர்மையாகும் என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அது ஆய்வாளர்களுக்குள்ளேயே தீராத வழக்கு.

நிமிடக்கணக்கு:

நாளுக்கு 300 நிமிடப் பாடம், வாரத்துக்கு 1,500. மொழிக்குத் தலா 750.

ஆங்கிலப் பக்கம்: வாசிப்பும் எழுத்தும் நாளுக்கு 90, வாரம் 450. ஆங்கிலம் கற்கும் நிலையில் உள்ள பிள்ளைகளுக்கான இ.எல்.டி (ஆங்கில மொழி வளர்ச்சிப் பாடம்) நாளுக்கு 30, வாரம் 150. உடற்கல்வி 100. இது மாநிலச் சட்டம்: 1 முதல் 6ஆம் வகுப்பு வரை பத்துப் பள்ளி நாட்களுக்கு 200 நிமிடம், கை வைக்க முடியாது. ஓவியமும் இசையும் சேர்த்து 90. ஆக 790.

ஸ்பானிஷ் பக்கம்: வாசிப்பும் எழுத்தும் 300, கணக்கு 300, அறிவியலும் சமூக அறிவியலும் 150. ஆக 750.

மொத்தம் 1,540. இடிப்பது 40 நிமிடம். இதைத்தான் கொள்கைச் சண்டையாக ஊதிப் பெரிதாக்குகிறார்கள்.

ஆங்கில வாசிப்பில் நாளுக்கு 10 நிமிடம் எடுக்கலாம். எங்கே எடுப்பது என்பதுதான் முக்கியம். மையக் கருத்தைக் கண்டுபிடிப்பது, பத்தி அமைப்பது போன்றவை ஸ்பானிஷில் வந்துவிட்டால் ஆங்கிலத்தில் அரிச்சுவடியிலிருந்து நடத்தத் தேவையில்லை. பாலம் போட்டால் போதும். ஆங்கில எழுத்துக்கூட்டு அப்படியல்ல. ஸ்பானிஷில் எழுதியிருப்பதைக் கிட்டத்தட்ட அப்படியே படிக்கலாம், ஆங்கிலத்தில் முடியாது. எழுத்துக்கூட்டு நேரத்தை வெட்டிவிட்டு, இரண்டு மொழியிலும் ஒரே புரிதல் பாடத்தை இருமுறை நடத்தும் பள்ளி 2ஆம் வகுப்பிலேயே மாட்டிக்கொள்ளும்.

வெட்டியபின் ஆங்கிலம் 740, ஸ்பானிஷ் 750. தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் நூலகம், அசெம்பிளி, தீ ஒத்திகை, போட்டோ நாள் எல்லாமே ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஸ்பானிஷ் நேரத்திலிருந்து போனது திரும்பி வராது. ஆகவே ஓவியத்தை ஸ்பானிஷ் பக்கம் மாற்றுங்கள்: ஆங்கிலம் 695, ஸ்பானிஷ் 795. 53 சதவீதம். அந்த 45 நிமிடம் கசிவைத் தாங்கும். இசையையும் சேர்த்து மாற்றினால் 840, அதாவது 56 சதவீதம். அப்போது "சொன்னது 50/50 ஆயிற்றே" என்று போர்டில் ஒருவராவது கேட்பார்.

தூரிகைக்காரி:

நிமிடத்துக்காக மட்டும் ஓவியத்தை ஸ்பானிஷில் வைக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு.

கனடாவில் 1965இல் கியூபெக்கின் செயின்ட் லாம்பர்ட்டில் பெற்றோர் போராடிப் பெற்ற பிரெஞ்சு இம்மர்ஷன் கிண்டர் வகுப்பிலிருந்துதான் இம்மர்ஷன் ஆய்வு மரபு வளர்ந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதிலும் வாசிப்பதிலும் பிரெஞ்சுப் பிள்ளைகளை எட்டிப் பிடித்தார்கள். பேச்சும் எழுத்தும் பின்தங்கியே இருந்தன. புரிந்தால் போதாது, வாய் திறந்து நீளமாகச் சொல்ல வைக்க வேண்டும் என்று ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல் வாதிட்டது இதை வைத்துத்தான். கணக்கு வகுப்பில் ஒற்றைச் சொல் விடையோடு தப்பிக்கலாம். தன் கையால் செய்த பொருளைப் பற்றிப் பேசும்போது பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருக்கும்.

ஆனால் பல இடங்களில் நடப்பது வேறு. ஆப்பிள் படத்துக்குச் சிவப்பு அடி, கீழே மன்சானா (ஸ்பானிஷில் ஆப்பிள்) என்று எழுது. இதில் ஓவியமும் இல்லை, மொழியும் இல்லை. பாடத் திட்டத்தைக் கையில் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். மொழியை நீக்கினால் ஒரு கலைப் பாடம் மிஞ்சுமா? கலையை நீக்கினால் ஒரு மொழிப் பயிற்சி மிஞ்சுமா? இரண்டுக்கும் ஆம் வராவிட்டால் திருப்பி அனுப்பலாம்.

3ஆம் வகுப்புக் களிமண் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 200 கிராம் களிமண், கட்டைவிரலால் குழித்து, சுவர் 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்வரை சுற்றிச் சுற்றி அழுத்துவது. முதல் வாரம் ஏவல் வினைகள்: அழுத்து, திருப்பு, ஈரமாக்கு, மென்மையாக்கு. புதுச் சொல் எட்டுக்கு மேல் போகக் கூடாது. இரண்டாம் வாரம் இருவர் இருவராக: களிமண்ணைத் தொடாதவர் வாயால் மட்டும் வழி சொல்ல, மற்றவர் செய்வார். 5 நிமிடத்தில் மாற்றம். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளையையும் ஆங்கிலம் பேசும் பிள்ளையையும் ஜோடி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அரை நிமிடத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். மூன்றாம் வாரம் மெருகு பூசி, செய்த விதத்தை இறந்தகாலத்தில் மூன்று வாக்கியமாகச் சொல்வது. சுவரில் ஒட்டிய வாக்கியச் சட்டங்களை (கோடிட்ட இடத்தை நிரப்பிச் சொல்லும் மாதிரி வாக்கியங்களை) அன்று பாதியாவது எடுத்துவிட வேண்டும். ஆண்டு முழுக்க ஒட்டியே கிடந்தால் பிள்ளை சுவரைத்தான் வாசிக்கும்.

சூளை பற்றியும் சொல்லிவிடுகிறேன். களிமண் வெடிப்பது காற்றுக் குமிழியால் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகித்தான் வெடிக்கிறது. ஒரு வாரமாவது காய விட்டு, சூளையை 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில மணி நேரம் நிறுத்திய பிறகு ஏற்றினால் வெடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். குறைவெப்பக் களிமண்ணுக்கு முதல் சூடு கோன் (சூளை வெப்ப அளவு) 04, சுமார் 1,060 டிகிரி. மெருகுக்கு கோன் 06, சுமார் 1,000. களிமண் சிந்திய தரையைப் பெருக்காதீர்கள்; சிலிக்கா தூசி கிளம்பும், ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். பெற்றோர் சங்கம் சூளை வாங்கித் தர முன்வந்தால் முதல் கேள்வி: 208 அல்லது 240 வோல்ட் தனி மின்வழியும் புகைபோக்கும் அந்த அறையில் உண்டா? இல்லாவிட்டால் சூளை ஸ்டோர் ரூமில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும்.

வயலின்பெட்டி:

இசை ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்பது என் கட்சியும்தான். இசை ஆசிரியர் கிடைப்பதே அரிது, அதிலும் ஸ்பானிஷ் தெரிந்தவர்தான் வேண்டும் என்று நிபந்தனை போட்டால் பணியிடம் காலியாகவே கிடக்கும். பாட்டு ஸ்பானிஷில் இருந்தால் போதும்.

அட்டவணையில் இரண்டு குழி உண்டு. முதலாவது இ.எல்.டி. அந்த அரை மணியில் மற்றப் பிள்ளைகளை என்ன செய்வது என்று யோசித்து, அவர்களை இசைக்கு அனுப்பிவிடுவார்கள். பார்க்கச் சாமர்த்தியம். விளைவு, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுக்க இசையே கிடையாது. அட்டவணை வந்ததும் முதலில் இதைப் பாருங்கள். அந்த அரை மணியில் மற்றவர்களுக்குப் புதுப் பாடமும் வேண்டாம், கலையும் வேண்டாம். சுய வாசிப்பு போதும்.

இரண்டாவது, 4, 5ஆம் வகுப்பில் வயலின் பிள்ளைகளை மட்டும் வெளியே அழைத்துப் போவது. வாரம் இருமுறை 30 நிமிடம். இசை ஆசிரியர் பள்ளிக்கு வரும் நேரம் மாறாததால் எப்போதும் ஒரே பாடத்திலிருந்துதான் எடுப்பார். அது ஸ்பானிஷாக அமைந்தால் அந்தப் பிள்ளைக்கு வாரம் 60 நிமிடம் போயிற்று; மேலே சொன்ன 45 நிமிடக் காப்பும் காலி. எட்டு வாரத்துக்கு ஒருமுறை நேரத்தைச் சுழற்றுங்கள். சுழற்ற முடியாது என்று இசை ஆசிரியர் சொன்னால் முழு வகுப்புக்கும் சேர்த்து வயலின் நடத்துவதுதான் வழி. அதற்கு வகுப்பின் எண்ணிக்கைக்கு வயலின் வேண்டும். கடைக்காரர் எல்லா அளவிலும் சமமாக அனுப்புவார், ஏற்காதீர்கள். இந்த வயதில் பெரும்பாலோருக்கு அரை அளவும் முக்கால் அளவும்தான். கால் அளவும் முழு அளவும் ஒன்றிரண்டு போதும். ஆர்டருக்கு முன் கை நீளம் அளந்துவிடுங்கள். உதிரியாக ஈ தந்தியைக் கூடுதலாக வாங்குங்கள், முதலில் அறுவது அதுதான்.

வரவுசெலவு:

பணம். ப்ராப் 28தான் பெரிய வழி. ப்ராப் என்றால் மக்கள் வாக்குக்கு விடப்படும் மாநிலச் சட்ட முன்மொழிவு; இது 2022 நவம்பரில் வாக்காளர்கள் நிறைவேற்றியது. ப்ராப் 98 என்ற குறைந்தபட்சப் பள்ளி நிதி உத்தரவாதத்தில் பள்ளிகளுக்குப் போகும் தொகையில் 1 சதவீதத்துக்கு இணையான பணம் கூடுதலாக, கலைக்கென்றே வருகிறது. 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கையை வைத்து, 30 சதவீதம் குறைந்த வருமானக் குடும்பப் பிள்ளைகளை வைத்துப் பிரிக்கிறார்கள். 500 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள பள்ளி மாவட்டம் 80 சதவீதத்தையாவது ஆள் போடச் செலவழிக்க வேண்டும். நிர்வாகத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூடாது. மீதி பயிற்சிக்கும் பொருளுக்கும் வெளிக் கலைஞர் ஏற்பாட்டுக்கும். செலவழிக்க மூன்று ஆண்டு அவகாசம்.

சிக்கல் எங்கே? இந்தப் பணம் ஏற்கெனவே நடப்பதற்கு மாற்றாக அல்ல, அதற்கு மேலாகச் செலவாக வேண்டும். பொது நிதியில் சம்பளம் வாங்கும் இசை ஆசிரியரை ப்ராப் 28 கணக்குக்கு மாற்றிவிட்டு, மிச்சமான பொது நிதியை வேறெங்காவது திருப்பினால் சட்டத்துக்கு விரோதம். அதேபோல் வகுப்பாசிரியர் வாரம் 45 நிமிடம் ஓவியம் நடத்துகிறார் என்று அவருடைய இருக்கிற சம்பளத்தில் ஒரு துண்டை இதில் எழுத முடியாது. ஸ்பானிஷ் தெரிந்த புது ஓவிய ஆசிரியருக்குப் பகுதி நேரப் பணியிடம் கேட்டால் கச்சிதமாகப் பொருந்தும்.

ஆண்டறிக்கையைப் போர்டு ஏற்று இணையத்தில் போட வேண்டும். அதை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி: "ப்ராப் 28 வருவதற்கு முந்தைய ஆண்டு பொது நிதியில் எத்தனை கலைப் பணியிடம் இருந்தது, இப்போது எத்தனை?" கலை எவ்வளவு உன்னதம் என்று அரை மணி பேசுவதைவிட இது வேலை செய்யும்.

மத்திய நிதியில் டைட்டில் 4-ஏ உண்டு. மாவட்டத்துக்கு 30,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால், கலையும் அடங்கிய பரந்த கல்விக்கு 20 சதவீதமாவது ஒதுக்கியாக வேண்டும். இன்னொரு மத்திய நிதியான டைட்டில் 3ஐக் கேட்காதீர்கள். அது ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கானது. ஆங்கிலம் பேசும் பிள்ளை ஸ்பானிஷ் கற்க அதில் இடமில்லை.

பெற்றோர் சங்கம் நன்கொடை திரட்டலாம். ஆனால் "பணம் தந்தால்தான் களிமண், வயலின்" என்ற நிலை வந்தால் கல்விச் சட்டப் பிரிவு 49011க்கு எதிர். பாடத்துக்குத் தேவையான பொருளுக்குக் கட்டணம் கேட்கவே கூடாது.

ஆள்தேடி:

நேரமும் பணமும் இருந்தும் இம்மர்ஷன் விழுவது பெரும்பாலும் 4ஆம் வகுப்பில். காரணம் தலை எண்ணிக்கை. ஒரே பிரிவாக 24 பிள்ளைகளோடு தொடங்கி ஆண்டுக்கு 10 சதவீதம் வெளியேறினால் 5ஆம் வகுப்பில் 14 பேர். அந்த 14 பேருக்கு ஒரு ஆசிரியரை எந்த முதல்வராலும் காக்க முடியாது. 4ஐயும் 5ஐயும் ஒன்றாக்குவார்கள், அடுத்த ஆண்டு இன்னும் நான்கு பேர் போவார்கள். இரண்டு பிரிவு, 48 பேர் என்றால் அதே வேகத்தில் 28 மிஞ்சும். ஒரு முழு வகுப்பு. வெளியேற்றம் 5 சதவீதமாக இருந்தால் 37. ஆகவே மணிக்கூண்டு சொன்ன இரண்டு பிரிவு ஆடம்பரமில்லை, அதுதான் குறைந்தபட்சம்.

காலியான இடத்தை 2ஆம் வகுப்புக்குப் பிறகு ஸ்பானிஷ் தெரியாத பிள்ளையைக் கொண்டு நிரப்ப முடியாது. ஸ்பானிஷ் தெரிந்து வரும் பிள்ளையை எப்போதும் சேர்க்கலாம். இருவழி முறையின் பெரிய பலம் இது. "மதிப்பீடு செய்து நடுவில் சேர்ப்போம்" என்று சேர்க்கை விதியில் முதல் ஆண்டிலேயே எழுதி வையுங்கள்.

ஆசிரியர் கணக்கு: ஒரே ஆசிரியர் இரு மொழியும் நடத்தினால் ஆறு வகுப்புக்கு 12 பேர், 12 பேருக்கும் இருமொழியில் பாடம் நடத்தும் அங்கீகாரம் வேண்டும். ஸ்பானிஷ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இரண்டு பிரிவை மாற்றி மாற்றி எடுத்தால் ஸ்பானிஷுக்கு ஆறு பேர் போதும், ஆண்டுக்கு ஒருவர். யூட்டா மாநிலம் 2008 சட்டத்துக்குப் பிறகு இந்த இரட்டை ஆசிரியர் முறையில்தான் வேகமாக விரிந்தது. விலை என்ன? இருவரும் சேர்ந்து திட்டமிட வாரம் ஒரு மணியாவது வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? ஓவியத்திலும் இசையிலும். கலை ஆசிரியர் இல்லாவிட்டால் அந்த ஒரு மணி கிடைக்காது. இம்மர்ஷன் பெற்றோர் கலைப் பணியிடத்துக்காகப் பேச இதைவிட நேரடியான காரணம் எதற்கு?

ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியர்கள் மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து. ஒரே ஆண்டில் மூவரை எடுத்தால் மூவரும் ஒன்றாகப் போவார்கள்.

சந்தேகம்ராஜா:

எல்லாம் சரி. 3ஆம் வகுப்பில் மாநிலத் தேர்வு ஆங்கிலத்தில். மார்க் விழுந்தால் போர்டு கேட்காதா?

நிமிடக்கணக்கு:

கேட்கும். 90/10 முறையில் (தொடக்கத்தில் 90 சதவீத நேரம் ஸ்பானிஷ்) தொடக்க வகுப்புகளில் ஆங்கில வாசிப்பு பின்தங்குவது எதிர்பார்த்ததே. 50/50இல் தாக்கம் குறைவு. முன்கூட்டியே சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

காட்ட ஒரு நல்ல சான்று உண்டு. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லந்து பள்ளி மாவட்டத்தில் இம்மர்ஷன் இடங்கள் குலுக்கலில் தரப்பட்டதால் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேராக ஒப்பிட முடிந்தது. ராண்ட் ஆய்வு நிறுவனமும் கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்ட முடிவு: ஆங்கில வாசிப்பில் 5ஆம் வகுப்பில் ஏறத்தாழ ஏழு மாதம் முன்னிலை, 8ஆம் வகுப்பில் ஒன்பது மாதம். கணக்கிலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதையும் சேர்த்தே சொல்லுங்கள், நம்பகம் கூடும்.

கலைக்கு ஹூஸ்டன் ஆய்வு. 42 பள்ளிகள், 10,548 மாணவர்கள், குலுக்கல் முறை. ஆய்வாளர்கள் கிசிடாவும் போவெனும் 2019இல் வெளியிட்டது. ஒழுங்கு மீறல் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது, எழுத்துத் தேர்வு மதிப்பெண் ஏறியது. கணக்கு ஏறியது என்று யாராவது சேர்த்துச் சொன்னால் திருத்துங்கள்.

மணிக்கூண்டு:

இப்போது கடைசிக் கேள்வி. யாரிடம், எப்போது?

வரவுசெலவு:

கோரிக்கைக்குச் சட்ட வழி இருக்கிறது. 2016இல் நிறைவேறிய ப்ராப் 58, இருமொழிக் கல்விக்கு 1998இன் ப்ராப் 227 போட்ட தடைகளை நீக்கியது. ஒரு பள்ளியில் 30 பிள்ளைகளின் பெற்றோர், அல்லது ஒரே வகுப்பில் 20 பிள்ளைகளின் பெற்றோர் ஒரு மொழித் திட்டத்தைக் கேட்டால், இயன்றவரை அதைத் தந்தாக வேண்டும். வாயால் கேட்டாலும் பள்ளி எழுதி வைக்க வேண்டும். எண்ணிக்கை எட்டியதும் 10 பள்ளி நாளுக்குள் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எழுத்தில் அறிவிப்பு, 60 நாட்காட்டி நாளுக்குள் முடியுமா முடியாதா என்ற முடிவு. முடியாது என்றால் காரணம் எழுத்தில்.

கையெழுத்து வாங்கும்போது நடக்கும் பிழை: ஊரெல்லாம் 200 பேர் கையெழுத்து, ஆனால் அந்தப் பள்ளியில் பதிவான பிள்ளை 12. எண்ணப்படுவது அந்த 12தான். மாணவர் பெயர், வகுப்பு, எந்த மொழி, தேதி நான்கும் ஒவ்வொரு தாளிலும் இருக்கட்டும்.

பணத்துக்குக் காலம் வேறு. எந்த இலக்குக்கு எவ்வளவு செலவு என்று மாவட்டம் எழுதும் எல்.சி.ஏ.பி திட்டமும் பட்ஜெட்டும் ஜூலை 1க்குள் நிறைவேறும். ஜூனில் போய்ப் பேசினால் அச்சாகிவிட்ட தாளைப் பார்த்துப் பேசுவதுபோல. ஆசிரியர் பணிநீக்க முன்னறிவிப்புக்குக் கெடு மார்ச் 15, ஆகவே கலைப் பணியிடத்தின் தலைவிதி பிப்ரவரியிலேயே எழுதப்படும். ஆளுநரின் பட்ஜெட் முன்வரைவு ஜனவரி 10க்குள் வரும். அந்த மாதமே முதல்வரையும் எல்.சி.ஏ.பி ஆலோசனைக் குழுவையும் பிடியுங்கள். போர்டின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன் நிகழ்ச்சி நிரல் ஒட்டப்படும். பொருள் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். இம்மர்ஷன் பெற்றோரும் கலைப் பெற்றோரும் தனித்தனித் தாள் கொடுக்காமல் ஒரே அட்டவணையைக் கொடுத்தால் வெட்ட வருபவருக்குப் பிடி கிடைக்காது.

புதுவரவு:

இதே 20, 30 விதியில் தமிழ் இம்மர்ஷன் கேட்கலாமா?

ஆள்தேடி:

கேட்க உரிமை உண்டு, மொழி எது என்ற வரம்பில்லை. நடக்குமா என்றால் இன்றைக்குக் கடினம். ஆண்டுதோறும் ஒரே பள்ளியில் 48 கிண்டர் பிள்ளைகள், கலிபோர்னியா உரிமத்தோடு தமிழில் கணக்கு நடத்தக்கூடிய ஆறு பேர், மாநிலப் பாடத்தரத்துக்கு ஒத்த தமிழ்ப் புத்தகம், மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் வரிசை இங்கத்திய கணக்கு வரிசையோடு ஒத்துப்போகாது. அப்படியே எடுத்து நடத்த முடியாது. வகுப்பறைப் பேச்சு பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்பதையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் தமிழுக்குக் கிரெடிட், தேர்வு எழுதிப் பள்ளிப் பட்டயத்தில் இருமொழித் திறனுக்கான முத்திரை, இவை இப்போதே எட்டும் தூரம். அந்த முத்திரைச் சட்டத்தை 2011இல் முதலில் கொண்டுவந்ததே கலிபோர்னியாதான்.

தூரிகைக்காரி:

ஒன்று விட்டுப்போயிற்று. ஸ்பானிஷ் ஓவிய ஆசிரியருக்கு 0.4 பணியிடம் (முழுநேரம் 1 என்றால், வாரம் இரண்டு நாள்) கேட்கலாம் என்று பலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். போதாது. 12 வகுப்பு, தலா 45 நிமிடம், நடுவே துடைத்து எடுத்து வைக்க 10 நிமிடம். இரண்டு நாளில் முடிக்க நாளுக்கு ஆறு வகுப்பு, 330 நிமிடம். மதிய உணவும் தயாரிப்பு நேரமும் அதற்கு வெளியே. ஒருவரும் ஓராண்டுக்கு மேல் நிற்க மாட்டார்கள். நாளுக்கு ஐந்து வகுப்பு, இரண்டரை நாள், 0.5 என்று கேளுங்கள். ஒரே வகுப்பின் இரண்டு பிரிவையும் அடுத்தடுத்து வையுங்கள். 5ஆம் வகுப்பின் மெருகுச் சாடிகளை எடுத்துவிட்டுக் கிண்டருக்குக் காகிதம் விரிப்பதில்தான் அந்த 10 நிமிடம் 20 ஆகும்.